சூசையப்பர் மாதத்தில் ஒரு தந்தைப் பறவை

அரவேணுவின் தேயிலைச் சரிவுகளில் நின்று நோக்கினால் கேத்தரின் அருவி வெள்ளிச் சரிகை போலத் தோன்றும். அதன் நீர் மலையிறங்கிக் கல்லாறாகப் பாய்கிறது. அந்நீர் சென்று சேரும் காட்டைக் காணவேண்டும் என்ற நெடுநாள் ஆவல், ஒரு மார்ச்சு மாதத்தில் எமக்கு நிறைவேறிற்று. குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து குன்னூர்ச் சாலையில் கல்லாற்றை அடைந்தபோது பொழுது நன்கு புலர்ந்திருந்தது.

திடீரென "உஷ்... உஷ்..." என்று ஓர் ஓசை. மலை இரயில் எஞ்சின் ஏறி வருகிறது என்றே நினைத்தோம். ஆனால் ஓசை தலைக்கு மேலே கேட்டது! அண்ணாந்து பார்த்தோம். கருமையும் வெண்மையும் கலந்த பெருஞ்சிறகுகள். மஞ்சள் தோய்ந்த கழுத்து. வளைந்த பெரிய அலகு. அதன்மேல் கவிழ்த்து வைத்த தோணி போன்றதொரு கொண்டை. அதுவே இருவாச்சி. இரு வாய் உடையது போலத் தோன்றுவதால் இப்பெயர் என்பர். ஏறத்தாழ மூன்றரை அடி நீளமுள்ள இப்பறவை, அண்டை மாநிலமாகிய கேரளத்தின் மாநிலப் பறவையுமாகும்.

இதன் குடும்ப வாழ்வு வியப்புக்குரியது. பெண் பறவை முதிர்ந்த மரமொன்றின் பொந்தினுள் புகுந்து, தன் எச்சத்தையும் உணவுக் கழிவையும் கொண்டு வாயிலை அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையுமளவு ஒரு சிறு பிளவு மட்டுமே எஞ்சும். ஆண் பறவை அத்தி, ஆல் முதலிய பழங்களைத் தொண்டையில் சேர்த்துக் கொணர்ந்து, ஒவ்வொன்றாக வெளிக்கொணர்ந்து அப்பிளவின் வழியே ஊட்டுகிறது. ஒரு நாளல்ல, இரு நாளல்ல, பல வாரங்கள்! பின்னர்த் தாய் வெளியே வந்ததும், உள்ளிருக்கும் குஞ்சு வாயிலை மீண்டும் அடைத்துக்கொள்ள, பெற்றோர் இருவரும் ஊட்டுகின்றனர்.

மார்ச்சு மாதம் நாம் தூய சூசையப்பருக்கு ஒப்புக்கொடுக்கும் மாதமன்றோ? ஒரு வார்த்தையும் பேசாது உழைத்துத் திருக்குடும்பத்தைக் காத்த அத்தந்தையை அக்கானகத்தில் நினைந்தோம். ஆயினும் எம் உள்ளம் மகிழ்வதற்கு மாறாகக் கூசிற்று. காரணத்தை மறையாது சொல்கிறோம்.

எம் சிறுவயதில் வீட்டு அலமாரியில் 'இருவாச்சி எண்ணெய்' என்று ஒரு குப்பி இருந்தது. அப்பறவையின் கொழுப்பை உருக்கியது. பாட்டியின் மூட்டு வலிக்குத் தடவுவார்கள். வலி தீர்ந்ததாக நினைவில்லை. அக்குப்பி எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்டதில்லை, நாமும் கேட்கவில்லை. கூட்டுக்காலத்தில் வீழ்த்தப்பட்ட பறவை ஒரு தந்தையாயின், மரப்பொந்தில் பசியோடு காத்திருந்த தாயும் குஞ்சும் என்னவாயின? கல்லாற்றில் நின்றபோதுதான் இக்கேள்வி எம்மைத் தைத்தது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதனை வேட்டையாடுவது குற்றம். 2018-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், அழிவுக்கு ஆளாகக்கூடிய இனங்களுள் இதனைச் சேர்த்தது. எனினும் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. ஒரு காலத்தில் கூடுகளிலிருந்து குஞ்சுகளை எடுத்துவந்த காடர் குலத்தவர் சிலர், கேரளத்து வாழச்சால் காடுகளில் இன்று அதே கூடுகளுக்குக் காவலராக விளங்குகின்றனர். மனந்திரும்புதல் என்பது இதுவன்றோ!

காண விரும்பும் குடும்பங்களுக்கு ஒரு சொல். தேயிலை மட்டும் பரந்த மேட்டில் இதனைத் தேடவேண்டாம். பெருமரக் காடுகளே இதன் இல்லம். கல்லாற்றுச் சரிவுகளிலும், வால்பாறைப் பகுதிக் காடுகளிலும், காலைப் பொழுதில், பழுத்த அத்தி மரங்களைத் தொலைவிலிருந்து நோக்குங்கள். யானைகள் நடமாடும் வழியாதலால் சாலையை விட்டு உள்ளே செல்லலாகாது. கூட்டை ஒருபோதும் நெருங்காதீர்கள். தந்தைப் பறவை அஞ்சி விலகினால் உள்ளிருப்போர் பட்டினியாவர்.

இன்னொன்று: உங்கள் நிலத்தோரம் முதிர்ந்த அத்தியோ ஆலோ நின்றால், விறகென்று எண்ணி வெட்டாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் உணவறை.

அன்று மாலை அரவேணு திரும்பியதும் சூசையப்பர் சுரூபத்தின்முன் மெழுகுதிரி ஒன்று ஏற்றினோம். அந்தக் குப்பிக்காகவும் மன்னிப்பு வேண்டினோம்.