மதிப்பும் விலையும்

ஒரு பொருள் நம் கையில் இருக்கும் காலத்தில் அதன் விலையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அது நம்மை விட்டுப் போன பின்னர், அதற்குப் பிறர் விலை கூறும்போதுதான் நெஞ்சம் திடுக்கிடுகிறது. என் வாழ்வில் அவ்வாறு நேர்ந்த ஒன்றை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வது பயன் தரும் எனக் கருதுகிறேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை தொடங்கி மறுநாள் காலைக்குள், 24 மணி நேரத்தில், எங்கள் காயல்பட்டினத்தில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டித் தீர்த்தது. ஓர் ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழை ஓர் இரவில் வந்துவிட்டது போலும்! தெரு ஆறாயிற்று. வாசலில் நின்ற எங்கள் சின்னஞ்சிறு கார் இருக்கை மட்டத்துக்கு மேல் நீரில் மூழ்கிற்று.

அந்தக் கார் எங்களுக்கு ஆடம்பரமன்று. வளைகுடாவில் உழைக்கும் என் மகன் வாங்கித் தந்தது. சிறுநீரகம் செயலிழந்த என் தாயாரை வாரம் இருமுறை தூத்துக்குடிக்கு அழைத்துச் சென்று இரத்தச் சுத்திகரிப்புச் செய்து திரும்புவதற்கு அதுவே துணை. ‘ராசா வண்டி’ என்று உம்மா அதைச் செல்லமாக அழைப்பார்கள்.

நீர் வடிந்த பின்னர் நான் ஒரு பிழை செய்தேன். உம்மாவின் சிகிச்சை நாள் தவறிவிட்டதே என்னும் பதற்றத்தில் சாவியைத் திருகிவிட்டேன். இயந்திரம் ஒருமுறை முனகிற்று, பின்பு அடங்கிவிட்டது. நீர் புகுந்த இயந்திரத்தை இயக்கலாகாது என்பதும், உள்ளே நுழைந்த நீர் அழுந்தாமையால் தண்டுகள் வளைந்துவிடும் என்பதும் பிறகே எனக்குத் தெரிய வந்தன.

சில நாட்களில் காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் சர்வேயர் வந்தார். இளைஞர், பண்புள்ளவர். சுற்றிப் பார்த்துவிட்டு, “ஹஜ்ரத், தண்ணி வடிஞ்ச பிறகு வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?” என்று கேட்டார். அருகில் நின்ற என் மைத்துனர் கண்ணால் சாடை காட்டினார். ‘இல்லை’ என்னும் ஒரு சொல் போதும். எவரும் அறியப் போவதில்லை. ஆயினும் முப்பது ஆண்டுகளாக மதரஸாவில் பிள்ளைகளுக்கு வாய்மையைப் போதித்த நா அந்தச் சொல்லை உச்சரிக்க மறுத்தது. “ஒருமுறை திருகினேன், தம்பி” என்றேன். அவர் குறித்துக்கொண்டார்.

பழுது நீக்க 3,04,000 ரூபாய் ஆகும் எனப் பணிமனை கணக்கிட்டது. அதில் இயந்திரத்துக்கு மட்டும் 60,000. பாலிசியில் காருக்கு அறிவிக்கப்பட்ட மதிப்பு 3,10,000. பழுதுபார்க்கும் செலவு அம்மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டி முழு இழப்பு எனக் கொள்ளப்படும். எனவே எங்கள் ராசா வண்டிக்கு ‘இறந்தது’ எனத் தீர்ப்பாயிற்று. ஆனால் நிறுவனம் தர முன்வந்த தொகை 1,99,000 ரூபாய்தான்! வண்டி பழையதாகிவிட்டதால் சந்தை விலை 2,60,000 என்றும், இயந்திரம் என் கவனக்குறைவால் கெட்டதால் 60,000 கழிவு என்றும், பாலிசிதாரர் ஏற்க வேண்டிய கட்டாயப் பங்கு 1,000 என்றும் கடிதம் கூறிற்று. உடன் ஒரு படிவம். ‘முழுத் திருப்தியுடன் இறுதியாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று அதில் நான் கையொப்பமிட வேண்டுமாம்.

நண்பரான இன்னோர் ஆசிரியர், “ஹஜ்ரத், சபுர் செய்யுங்கள். கிடைத்ததை வாங்கிக்கொண்டு விடுங்கள்” என்றார். இரவெல்லாம் அதைச் சிந்தித்தேன். இறைவன் எடுத்துக்கொண்டதற்குப் பொறுமை காப்பது கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் மனிதன் எழுத்தில் தந்த வாக்கைக் கேட்பது பொறுமையின்மை ஆகுமா? திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று. கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதப்பட்டதைப் படிப்பதும் அந்தக் கட்டளையின் பாற்பட்டதே என்று தெளிந்தேன். திருப்தி இல்லாத இடத்தில் ‘திருப்தி’ என்று ஒப்பமிடுவது, சாவியைத் திருகவில்லை என்று கூறுவதற்கு ஒப்பான பொய் என்றும் தோன்றிற்று.

மறுநாள் பாலிசியை எடுத்து உட்கார்ந்தேன். ஆங்கிலம் எனக்கு அரைகுறை. மகளைப் பக்கத்தில் இருத்தி, மத்னை வரி வரியாகப் பிரித்து ஷரஹ் சொல்வதைப் போலப் படித்தோம். அரபு இலக்கணத்தில் ‘இஸ்திஸ்னா’ என்னும் விதிவிலக்கை நாங்கள் கற்பிக்கையில், அது எதிலிருந்து விலக்குகிறது என்பதை முதலில் காண வேண்டும் என்போம். தேய்மானக் கழிவு பற்றிய விதி, பகுதி இழப்பில் மாற்றப்படும் உதிரி பாகங்களுக்கு உரியதாக இருந்தது. முழு இழப்புக்கோ வேறொரு வாக்கியம்: அறிவிக்கப்பட்ட மதிப்பையே பாலிசிக் காலம் முழுவதும், மேற்கொண்டு தேய்மானம் கழிக்காமல், சந்தை மதிப்பாகக் கொள்ள வேண்டும். ஐந்தாண்டு கடந்த வண்டிக்கு அம்மதிப்பு இரு தரப்பும் இசைந்து குறிப்பது. ஜூலையில் 3,10,000 என்று இசைந்து, அதன்மீது பிரீமியமும் பெற்றவர்கள், டிசம்பரில் 2,60,000 என்பது எங்ஙனம்?

ஃபிக்ஹு நூல்களிலும் இதற்கு ஒப்பான பகுப்பு உண்டு. தானியம் போன்று ஒன்றுக்கொன்று ஒத்த பொருள் அழிந்தால் அதே போன்ற பொருளால் ஈடு. ஒத்தது இல்லாத பொருளுக்கு மதிப்பால் ஈடு. மதிப்பு எது என்பதில்தான் வழக்கெல்லாம் பிறக்கிறது. அதை முன்கூட்டியே எழுதிக்கொண்டால் வழக்குக்கு இடமில்லை.

இயந்திரத்தைப் பற்றியும் ஒரு கணக்கு இருந்தது. 60,000 ரூபாயை நீக்கிவிட்டாலும் எஞ்சிய செலவு 2,44,000. எழுபத்தைந்து விழுக்காடு என்பது 2,32,500. ஆக, நான் சாவியைத் தொட்டிராவிட்டாலும் வண்டி முழு இழப்பே. என் பிழை அதைக் கொல்லவில்லை, வெள்ளமே கொன்றது.

இவற்றை எழுதி நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பினேன். ‘சர்வேயரின் அறிக்கைப்படியே செய்துள்ளோம்’ என்று இரண்டு வரிப் பதில் வந்தது. சர்வேயரின் அறிக்கை இறுதிச் சொல்லன்று என உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டிலேயே கூறியிருக்கிறது. எனவே சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு விண்ணப்பித்தேன். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் செல்ல வேண்டும் என்பதே விதி.

விசாரணை காணொலி வழியாக நடந்தது. மகளின் கைப்பேசியின் முன் அமர்ந்து, பாடம் ஒப்பிக்கும் மாணவனைப் போல் என் வாதங்களைக் கூறினேன். நிறுவனத்தின் பிரதிநிதி முதல் இரண்டுக்கும் மறுமொழி கூற இயலாமல், இறுதியாக ஒன்று சொன்னார்: “முழுத் தொகையும் கொடுத்தால் சேதமான வண்டி எங்களுக்குத்தானே வரும், ஐயா? எஞ்சின் நல்லா இருந்திருந்தா அதுல இன்னும் 15,000 தேறியிருக்கும்.”

நான் வாயடைத்துப் போனேன். அது நியாயம்! வண்டியை நான் கொல்லவில்லை. ஆனால் அதன் உடலில் எஞ்சியிருந்த விலையில் ஒரு பங்கை என் பதற்றம் அழித்தது உண்மை. குறைதீர்ப்பாளர் என் கருத்தைக் கேட்டார். “அந்த 15,000 என் பொறுப்பு, கழித்துக்கொள்ளட்டும்” என்றேன். இரு தரப்பும் இசைந்தோம். கட்டாயப் பங்கும் போக 2,94,000 ரூபாய் சில வாரங்களில் வந்து சேர்ந்தது.

மைத்துனர் இன்றும் கேட்கிறார்: “சர்வேயர்கிட்ட இல்லைன்னு சொல்லியிருந்தா அந்தப் பதினஞ்சும் கிடைச்சிருக்குமே, மச்சான்?” கிடைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு, ‘எழுதியபடி தாருங்கள்’ என்று அத்தனை உரத்த குரலில் என்னால் கேட்டிருக்க முடியுமா? உரிமையைக் கேட்கும் நாவுக்கு, தன் பிழையை ஒப்புக்கொள்ளும் வலிமையும் வேண்டும்.

அந்தப் பணத்துடன் சிறிது சேர்த்து, பழைய கார் ஒன்றை வாங்கியுள்ளோம். பாலிசி வந்த அன்றே அறிவிக்கப்பட்ட மதிப்பைப் பார்த்துச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வைத்தேன். வாசக அன்பர்களும் தத்தம் பெட்டியில் உறங்கும் பாலிசியை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். வெள்ளம் வந்த பின்னர் படிப்பதைவிட அது எளிது. உம்மா புதிய வண்டிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.