கோலும் காலும்

ஓர் அளவை இன்னோர் அளவாக மாற்றுவது வெறும் கணக்கு என்றே நினைக்கிறோம். முழம் ஒன்றரை அடி, சவரன் எட்டு கிராம், பெருக்கினால் தீர்ந்தது. எனக்கு அப்படிப் படவில்லை. அளவு என்பது இரண்டு பேருக்கு இடையிலுள்ள உடன்பாடு. எண் மாறும்போது அந்த உடன்பாடும் கூடவே மாறி வருகிறதா என்பதுதான் விஷயம்.

1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. நூறைப் பதினாறால் வகுத்தால் அணாவுக்கு ஆறேகால். கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. ஓரணாவுக்கு 6, மூன்றணாவுக்கு 19 என்று அட்டவணை போட்டார்கள். ஓரணாச் சாமானை மூன்று தடவையாக வாங்கினால் 18 பைசா, ஒரே தடவையில் வாங்கினால் 19. மாற்றத்தில் எப்போதும் ஒரு மிச்சம் விழுகிறது. அது யார் தலையில் விழுகிறது என்பதை அட்டவணை சொல்லாது.

காஞ்சிபுரத்தில் அது நெசவாளி தலையில் விழக்கூடும். பாவும் ஊடையும் ஜரிகையும் எடைபோட்டுத் தரப்படுகின்றன. ஜரிகைக்கு இன்னும் 'மார்க்' கணக்குதான். ஒரு மார்க் சுமார் 242 கிராம். நெய்த சேலையும் எடைபோட்டே வாங்கப்படுகிறது. குறைந்தால் கூலியில் கை வைக்கலாம். ஆனால் பட்டு காற்றின் ஈரத்தைக் குடிக்கிற வஸ்து. உலர்ந்த எடைக்கு நூற்றுக்குப் பதினொரு பங்கு ஈரம் என்று வியாபார உலகமே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஐப்பசி மழையில் நிறுத்து வாங்கிய நூல் தை மாத வெயிலில் சேலையாகத் திரும்பும்போது, ஒரு இழைகூடக் களவு போகாமலே எடை குறையும். தராசு பொய் சொல்லவில்லை. அது சொல்லும் உண்மையில் மழைக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

நகைக்கடன் கேட்டு வருகிறவர்கள் என் மேஜையில் "மூணு சவரன், பெரியவள் கல்யாணத்துக்குப் பண்ணினது" என்கிறார்கள். கல்லையும் அரக்கையும் கழித்து நிகர எடையை கிராமில் எழுதுகிறேன். கழிக்க வேண்டியதுதான். கல்யாணமும் அதோடு கழிந்துபோகிறது.

இவ்வூரில் உலகளந்த பெருமாள் ஒரு காலைத் தூக்கி, ஒரு கையில் இரண்டு விரலும் மறு கையில் ஒரு விரலும் காட்டி நிற்கிறார். இரண்டடி அளந்தாயிற்று, மூன்றாவது எங்கே என்ற கேள்வி அது. பத்தாம் நூற்றாண்டில் உத்தம சோழனின் செப்பேடு, கச்சிப்பேட்டில் நிறுப்பதற்கும் அளப்பதற்கும் வசூலான கோல்நிறைகூலி, காலளவுகூலி என்ற வரிகளை ஊரகத்துப் பெருமாளுக்கு உரியதாகச் சொல்கிறது. கோயில் காரியங்களில் நெசவாளர் சேரிகளுக்குப் பங்கும் இருந்தது. நிறுக்கப்படுகிறவனுக்கு நிறுவையின் வருமானத்தைக் கவனிக்கிற இடமும் கிடைத்திருக்கிறது. அந்தக் காலத்தைப் பொற்காலம் ஆக்க எனக்கு உத்தேசமில்லை. தராசின் இரு பக்கத்திலும் ஆட்கள் இருந்தார்கள் என்பது மட்டுமே நான் கவனிப்பது.

விமர்சனத்தில் நாம் அன்றாடம் செய்வதும் மாற்றல்தான். எலியட்டைப் படித்துக் கற்ற அளவைத் தூக்கிக்கொண்டு ஒரு தமிழ்க் கவிதையிடம் போகிறோம். இறுக்கம் இத்தனை, படிமம் இத்தனை, எடை குறைகிறது என்று தீர்ப்பு எழுதுகிறோம். எண்ணில் தவறு இருக்காது. அந்தக் கவிதை எந்த மழையில் நூற்கப்பட்டது, குறைந்தது இழையா ஈரமா என்று மட்டும் கேட்பதில்லை. இழை குறைந்த கவிதைகளும் ஏராளம் என்பது எனக்குத் தெரியும். அவற்றையும் ஈரத்தின் பேரில் மன்னித்துவிடக் கூடாது. ஆகவே தராசை வீசிவிட முடியாது. நிறுத்த நாளையும் எடைக்குப் பக்கத்தில் குறித்துவைக்க வேண்டியிருக்கிறது.