உள்ளே வரலாமா?

ராத்திரி போர்வைக்குள்ள, போன் வெளிச்சத்தைக் குறைச்சு வச்சு, வேம்பயர் ரொமான்ஸ் படிச்சிருக்கீங்களா? நான் நிறைய படிச்சிருக்கேன். 2005-இல் வந்த 'ட்விலைட்' நாவலில், எட்வர்ட் பெல்லாவுக்கே தெரியாமல் அவள் அறைக்கு வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். ப்ளஸ் ஒன்ல அதைப் படிச்சு உருகியிருக்கேன்.

போன செமஸ்டர்ல நானே ஒரு கதை எழுதினேன், முதல் தடவையா தமிழ்ல. அதே மாதிரி சீன். 'அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் ஜன்னல் வழியாக உள்ளே வந்து நின்றான்.' அதோட கை நின்னுடுச்சு. இங்கிலீஷ்ல காதலா தெரிஞ்சது, தமிழ்ல எங்க ஹாஸ்டல் ஜன்னலா தெரிஞ்சது. அப்படி ஒருத்தன் நின்னா வார்டனைக் கத்திக் கூப்பிட மாட்டோமா?

1897-இல் வந்த 'டிராகுலா'வில், வீட்டு ஆள் ஒருவர் அழைக்காமல் டிராகுலா உள்ளே வர முடியாது. ஆனால் ஒரு தடவை அழைத்தால் போதும், அப்புறம் இஷ்டத்துக்கு வருவான்.

என் ஹீரோவுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. ஒவ்வொரு தடவையும் வாசல்ல நின்னு கேக்கணும். முத்தத்துக்கும் கேக்கணும். "சப்புன்னு ஆயிடாதா?"ன்னு கேட்ட ரூம்மேட்தான், அவள் "ம்" சொல்ற வரைக்கும் அவன் காத்திருக்கிற ரெண்டு வரியை மூணு தடவை படிச்சா.