உவர்மண்ணும் சவுக்காரமும்



சென்ற ஆண்டு அசனத்துக்குப் பின், அலுமினிய அண்டாக்களில் ஆட்டுக்கொழுப்பு உறைந்து கிடந்தது. சாம்பலும் வெந்நீரும் போதும் என்றார்கள் சகோதரிகள். நானோ திருவேங்கடம் கடைவீதியில் காஸ்டிக் சோடா கலந்த திரவத்தை வாங்கி வந்தேன்.

விறகுச் சாம்பலிலும் காரம் உண்டு. அது கொழுப்பில் ஒரு பகுதியைச் சவுக்காரமாக்கிக் கரைக்கிறது. எரேமியா 2:22 கூறும் உவர்மண்ணின் வேலையும் ஏறக்குறைய அதுவே. காஸ்டிக் சோடா கொழுப்போடு நிற்பதில்லை. அலுமினியத்தை அரிக்கும், தோலையும் தின்னும். கையுறை அணியுமாறு குப்பியிலேயே அச்சிட்டிருந்தது. வேதத்தை எழுத்தெண்ணி வாசிப்பவன், அதை வாசிக்கவில்லை.

அண்டாக்கள் கறுத்தன. அதற்காகத்தான் வருந்திக்கொண்டிருந்தேன். அடுத்த திருவிருந்தில், அப்பத்துக்காக நீண்ட ஒரு தாயாரின் உள்ளங்கைகளில் தோல் உரிந்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இவ்வாண்டு அசனத்துக்குச் சாம்பலும் சீயக்காய்த்தூளும் எடுத்து வைத்திருக்கிறேன். அண்டா கழுவ நானும் வருவேன்.