சாயவேரும் அச்சு மையும்

என் மாமா ரீசேட்டுகளுக்கு அச்சுப் பதிப்பவர். இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால் எங்கள் வீடே அவருக்கு உதவியாள். அவர் பயன்படுத்தும் பிக்மென்ட் மையைப் பற்றி நான் கற்றதை இங்கே பகிர்கிறேன்.

சாயம் நீரில் கரைந்து நூலுக்குள் புகும். பிக்மென்ட் கரையாது. அது மிக நுண்ணிய நிறத்தூள். துணியின் மேலே தங்கும் அதை ஒரு பசைதான் பிடித்து வைத்திருக்கிறது. அச்சிட்டு உலர்த்தியபின் ஏறக்குறைய 150 பாகை செல்சியஸில் சில நிமிடங்கள் சூடாக்கினால் பசை இறுகிவிடும். பசை கூடினால் துணி விறைக்கும்; குறைந்தால் நிறம் உரசிப் போகும். கணினி அச்சுப்பொறிக்கான மையில் துகள்கள் ஒரு மைக்ரோமீற்றரிலும் சிறியவையாக இருக்க வேண்டும். அடியில் படியவும் கூடாது.

துணிக்கு நிறமூட்டுவது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. ஒல்லாந்தர் காலத்தில் குடாநாட்டிலும் தீவுகளிலும் மன்னாரிலும் சாயவேர் தோண்டப்பட்டது. அதிலுள்ள அலிசரின், படிகாரம் ஊட்டிய துணியில் அலுமினியத்துடன் சேர்ந்து கரையாத சிவப்பாகிவிடும். 1868இல் கிறேப், லீபர்மன் என்ற ஜேர்மானியர் அலிசரினை ஆய்வுகூடத்தில் செய்தபின், வேர்ச் சாயங்களின் சந்தை சரிந்தது.

இன்று எங்களுக்குள்ள கேள்வி தண்ணீர். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே எங்கள் கிணறு. பருத்தியில் சாயத்தால் அச்சிட்டால் ஒட்டாத சாயத்தைப் பலமுறை கழுவி அகற்ற வேண்டும். பிக்மென்ட் அச்சுக்குப் பெரும்பாலும் அந்தக் கழுவல் தேவையில்லை. ஆனாலும் குறை உண்டு. பசை பெற்றோலியத்தில் இருந்து வருவது. சிலவகைப் பசைகள் சூடேறும்போது ஃபோமல்டிஹைட் வெளியேறும். அச்சுச் சட்டங்களைக் கழுவும் நீரும் மண்ணுக்குள்தான் போகிறது.

கிணற்றுக்குத் தீங்கு செய்யாத பசையோடு ஒரு மை செய்ய எனக்கு ஆசை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் புடவை, ஆடைப் பொறியியல் துறை இருக்கிறது. உம்மாவுக்கோ நான் ஆசிரியையாகி ஊரோடு இருக்க வேண்டும். 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பம் புத்தளம் போனது. மாமா அச்சுத் தொழிலைப் பழகியது அங்கேதான். திரும்பி வரப் பல வருடங்கள் ஆயின. “திரும்பவும் ஊரை விட்டுப் போறதா மகள்?” என்று உம்மா கேட்கும்போது அந்த வருடங்கள்தான் பேசுகின்றன என்பது எனக்கு விளங்கும்.

“அப்போ போகச் சொன்னார்கள், போனோம். இப்போ நானாகப் படிக்கப் போறேன் உம்மா, திரும்பி வருவேன்” என்றேன். உம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் போன கிழமை பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை மாமாவிடம் வாங்கி வாசித்துக்கொண்டிருந்தார்.