வாசல் பிர்ச்

இந்த வீட்டை நாங்கள் வாங்கியதற்கு அடுக்களையோ அறைகளின் எண்ணிக்கையோ காரணமல்ல. வாசலில் நின்ற பிர்ச் மரம்தான் காரணம். ஒரே அடியிலிருந்து மூன்று தண்டுகள் எழுந்து, மூன்றும் வெள்ளைத் தாள் சுற்றினாற்போல நின்றன. தென்கிழக்கு மிச்சிகனில் 2017 பிப்ரவரியில், வானமும் தெருவும் சாம்பல் நிறமாகிக் கிடந்த ஒரு பிற்பகலில் அதைப் பார்த்தோம். பார்த்தபின் கூரை ஒழுகுமா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. (ஒழுகியது. அது வேறு கதை.)

குமாரசம்பவத்தின் முதல் சருக்கத்தில், இமயத்து வித்யாதரப் பெண்கள் பூர்ஜப் பட்டையில் காதல் மடல் எழுதுவதாகக் காளிதாசன் பாடியிருக்கிறான். அந்தப் பூர்ஜம் பிர்ச்சின் இமயத்து இனம். நமக்குப் பனையோலை போலக் காஷ்மீரத்தாருக்கு அதன் பட்டை ஏடாயிற்று. இதைப் படித்திருந்த இறுமாப்பில், முதல் கோடையிலேயே ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை உரித்தெடுத்து ஆளுக்கொரு வரி எழுதினோம். உரித்த இடம் கறுத்துப்போயிற்று, இன்றுவரை வெளுக்கவில்லை. தானாகச் சுருண்டு உதிர்வதை எடுத்துக்கொள்ளலாம், உயிரோடு நிற்கும் மரத்தில் கை வைக்கக்கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த வடு மரத்தைக் கொல்லவில்லை. கொல்லப் பார்த்தது நாங்கள் பெருமையோடு வளர்த்த புல்வெளி.

பிர்ச் குளிர்நிலத்து மரம். அதன் வேர்கள் ஆழம் போவதில்லை. மேல்மண்ணிலேயே பரவிக் கிடப்பவை. தலைக்கு வெயில் வேண்டும், காலடிக்கு நிழலும் ஈரமும் வேண்டும். காட்டில் உதிர்ந்த இலைகளும் சுற்றியுள்ள செடிகளும் அந்தக் காலடியைக் குளிர வைக்கின்றன. எங்கள் வாசலோ தென்மேற்கு பார்த்தது. பிற்பகல் வெயில் முழுவதும் அங்கேதான் விழும். இலையுதிர்காலத்தில் ஓர் இலை விடாமல் வாரிக் கொட்டினோம். மரத்தடி வரை புல்லை விட்டு, அதற்குத் தினமும் பத்து நிமிடம் தெளிப்பான் வைத்தோம். அந்த நீரைப் புல்லே குடித்துவிடும். கீழே அரை அங்குலம்கூட நனைந்திராது. அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் மருந்தையும் தெளித்தோம். பிர்ச்சும் அகன்ற இலை மரம்தான் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை.

2020 ஜூலையில் ஒரு தண்டின் உச்சி மொட்டையாயிற்று. உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் போட்டோம். மறு ஆண்டு இரண்டாவது தண்டும் உச்சியிலிருந்து காயத் தொடங்கியபோது மர மருத்துவர் ஒருவரை அழைத்தோம். அவர் மேலே அண்ணாந்து பார்க்கவேயில்லை; பட்டையை விரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். ஆங்கில 'டி' எழுத்தைப் போல, ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் வளைவாகவும் சிறு துளை. பிர்ச் துளைப்பான் வண்டு வெளியேறிய வாசல். கோடைத் தொடக்கத்தில் வண்டு பட்டை இடுக்கில் முட்டையிடும். புழு பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்று, இலையிலிருந்து இறங்கும் உணவை அறுத்துவிடும். மரம் தன் காயத்தை மூட முயன்ற இடங்களில் பட்டை வரிவரியாகப் புடைத்திருந்தது. மூன்றாண்டுகளாக அந்த வரிகளை அழகென்று நினைத்துப் புகைப்படம் எடுத்திருக்கிறோம்.

இந்த வண்டு வட அமெரிக்காவைச் சேர்ந்தது. இம்மண்ணின் ஆற்று பிர்ச் அதற்கு நன்றாகவே ஈடுகொடுக்கும். எங்களுடையது ஐரோப்பிய வெள்ளை பிர்ச். இந்த எதிரியை அறியாமல் வளர்ந்த இனம். அதிலும் தாகத்தில் தவிக்கும் மரத்தைத்தான் வண்டு எளிதில் வெல்லும்.

பாதிக்கு மேல் காய்ந்த இரு தண்டுகளையும் அந்தக் குளிர்காலத்திலேயே வெட்டச் சொன்னார். கோடையில் வெட்டினால் வாடையறிந்து வண்டு வந்துவிடுமாம். வெட்டிய அன்று எங்களில் ஒருவர் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்.

மூன்றாவது தண்டுக்காகப் புல்வெளியைக் கைவிட்டோம். கிளைகள் கவிந்த எல்லை வரை புல்லை அகற்றி, மரச்சீவலை மூன்று அங்குலம் பரப்பினோம். தண்டைத் தொடாமல் ஒரு முழம் தள்ளித்தான். ஒட்டிக் குவித்தால் அடி அழுகும். மழையில்லாத வாரங்களில் குழாயைச் சன்னமாகத் திறந்து, இடம் மாற்றி மாற்றிச் சில மணிநேரம் விடுகிறோம். வேரில் ஊற்றும் பூச்சிமருந்தையும் ஒரு முறை ஊற்றினோம், மனமில்லாமல். உதிரும் இலைகள் விழுந்த இடத்திலேயே கிடக்கின்றன. பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டு முறை இலைவாரியைக் கொண்டுவந்து நீட்டினார். நன்றி சொல்லித் திருப்பித் தந்தோம்.

இந்த மே மாதம் உச்சிக் கிளையொன்று இலைவிடப் பத்து நாள் தாமதித்தது. காலையும் மாலையும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். பிறகு துளிர்த்தது. எஞ்சி நிற்பது அந்தத் தண்டுதான், நாங்கள் பட்டை உரித்த தண்டு. கண்ணுயரத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கறுத்திருக்கிறது.