காவலும் கண்காணிப்பும்

இராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் செல்லும் சாலையில் அண்மையில் பயணம் செய்தோம். நகைக்கடை, துணிக்கடை, பெட்ரோல் நிலையம் என எங்கும் 'இவ்விடம் கேமரா கண்காணிப்பில் உள்ளது' என்னும் அறிவிப்பு. அதைக் கண்டு நமக்கு அச்சம் எழவில்லை. நம்மைப் பார்ப்பவர் யாருக்குக் கணக்குக் கொடுப்பார் என்ற கேள்வியே எழுந்தது.

தென்பாண்டிச் சீமைக்கு அக்கேள்வி புதிதன்று. பாளையக்காரர் காலத்தில் இங்குள்ள சிற்றூர்களுக்குக் காவற்காரர் இருந்தனர். மறவரும் கள்ளருமே அவர்களுள் மிகுதி. விளைச்சலில் அவர்களுக்குக் காவற்கூலி உண்டு. ஆனால் ஊரில் மாடு களவுபோயின் துப்புத் துலக்கி மீட்டுத்தர வேண்டும். இயலாவிடில் ஈடு கட்ட வேண்டும். காவற்காரரே களவுக்கு உடந்தையான கதைகளும் உண்டு, மறைப்பதற்கில்லை. எனினும் பார்க்கும் கண்ணுக்கு ஒரு பொறுப்பு இருந்தது. (இராஜபாளையம் நாய் வளர்ப்போர் அறிவர்: அந்நியரைக் கண்டு சீறும் அது, வீட்டாரை வேவு பார்ப்பதில்லை.)

ஆங்கிலேயர் அம்முறையை ஒழித்தனர். 1871இல் வட இந்தியாவில் பிறந்த குற்றப் பழங்குடிகள் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்தையும் எட்டியது. ஊரைக் காத்தவர்களின் வழிவந்தோர் பலர், இப்போது கண்காணிக்கப்பட வேண்டியவர்களாகப் பதிவேட்டில் ஏறினர். பிறந்த குலமே குற்றத்திற்குச் சான்றாயிற்று! கைரேகை வைக்க வேண்டும். இரவில் ஆஜராக வேண்டும். அனுமதிச் சீட்டின்றி ஊர் தாண்டலாகாது. மக்கள் அதைக் 'கைரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர். உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டது, பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அச்சட்டம் நீங்கியது.

சட்டம் போயிற்று, வழக்கம் எளிதில் போகவில்லை. சந்தேகத்திற்குரியவரின் வீட்டுக் கதவை நள்ளிரவில் தட்டும் காவல்துறை விதி செல்லாதென உச்ச நீதிமன்றம் கரக் சிங் வழக்கில் கூறியது 1962இல். ஆயினும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அப்போது அது ஏற்கவில்லை. ஒன்பது நீதிபதிகள் அதை ஒருமனதாக ஏற்க 2017 ஆகஸ்டு 24 வரை காத்திருக்க நேர்ந்தது.

இன்று நாமே நியாயவிலைக் கடையில் விரல் வைக்கிறோம்; அலைபேசிக்கு முகம் காட்டுகிறோம். அவற்றால் வரும் வசதியை மறுக்கவில்லை. தமிழகக் காவல்துறை 2021இல் முகமறியும் மென்பொருளைக் கொண்டுவந்தது. சாலையில் நிற்கும் ஒருவரைப் படமெடுத்துக் காவல்துறைப் பதிவேடுகளோடு அதில் ஒப்பிடலாம். திருடர் பிடிபட்டால் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் மாட்டுக்கு ஈடு கட்டிய காவற்காரரின் வீடு எதுவென்று ஊருக்குத் தெரியும். வேறொருவரின் முகமெனத் தவறாக ஒப்பிடப்பட்ட ஏழை, யார் வீட்டுக்குச் சென்று முறையிடுவார்?